உங்கள் நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது

கும்பகோணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற, அறுபதைத் தாண்டிய பெண்களுக்கு,

நீங்கள் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் உங்களைப் பார்த்திருக்கிறேன், அதுவும் பூதக்கண்ணாடி வைத்து. பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் படர்ந்த மங்கு, அம்மை போட்டுப்போன குழி, இரண்டாவது மூக்குத்தி குத்தித் தூர்ந்துபோன இடம், எல்லாம் எனக்குத் தெரியும். 1974-லிருந்து 1996 வரை, கடைத்தெருவில் என் சித்தப்பா நடத்திய ஸ்டுடியோவின் பின்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து டச்சிங் செய்தவள் நான். முன்னால் சித்தப்பா "கொஞ்சம் நிமிருங்கம்மா, அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். மறுநாள் உங்கள் நெகட்டிவ் என் மேசைக்கு வரும். மூன்றாம் நாள் நீங்கள் வந்து வாங்கிக்கொண்டு போன முகத்தில் பாதி நீங்கள், பாதி என் பென்சில்.

டச்சிங் என்றால் என்னவென்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாய்வாக ஒரு மரச்சட்டம், நடுவில் தேய்த்த கண்ணாடி. ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்ப அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. தேய்த்த கண்ணாடிமேல் நெகட்டிவை வைத்து, முகம் இருக்கிற இடத்தில் மீடியம் என்கிற பிசினை ஒரு துளி தடவ வேண்டும். தடவாவிட்டால் பென்சில் பிடிக்காது. பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்கி வைத்திருப்போம். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ் அல்லவா? படத்தில் கறுப்பாக விழப்போகிற சுருக்கம் அதில் வெளிறிக் கிடக்கும். அந்த வெளிறலைப் பொடிப்பொடியாக, கமா போடுவதுபோல் நிரப்பிக்கொண்டே வந்தால் படத்தில் சுருக்கம் இருக்காது. வெள்ளையாக விழப்போவதை அழிக்கப் பென்சில் உதவாது. அது நெகட்டிவில் திக்கான கறுப்பு. மெல்லிய கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கறுப்புக்குப் பென்சில், வெள்ளைக்குக் கத்தி. சித்தப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

இருபத்திரண்டு வருஷம் இப்படிப் பார்த்துப் பழகியதில் எனக்கு ஒரு கோளாறு வந்துவிட்டது. நெகட்டிவில் கல்யாணப் பெண்ணுக்குத்தான் தலை நரைத்திருக்கும். கிழவிக்குக் கருகருவென்று இருக்கும். இப்போதும் தெருவில் நல்ல நரைத்த தலை ஒன்று போனால், என் மனசு அதைத் திருப்பிப் போட்டுச் சின்னப் பெண்ணாக்கிவிடுகிறது.

கலர் லேப் வந்தபிறகு டச்சிங்குக்கு வேலை குறைந்தது. சித்தப்பா காலமானார், ஸ்டுடியோவை மூடினார்கள். அந்தக் காலத்தில் மூடின ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்கள் என்ன ஆகும் தெரியுமா? வெள்ளி பிரித்தெடுக்கிறவர்கள் வந்து எடைபோட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். உங்கள் கல்யாணமும் வளைகாப்பும் அப்படிக் கிலோ கணக்கில் போயிருக்கிறது. புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு நிறுவனத்துக்காரர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை ஊர் ஊராகத் தேடிப் பதிவுசெய்தார்கள். நல்ல காரியம். எங்கள் ஸ்டுடியோவுக்கு அவர்கள் வருவதற்குள் எடைக்காரர் வந்துவிட்டார். இரண்டு டிரங்குப் பெட்டி நெகட்டிவை மட்டும் நான் ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இந்த மடலின் தலைப்பைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். நான் காசு கேட்கப்போவதில்லை.

என் அண்ணன் பேத்தி விஸ்காம் படிக்கிறாள். போன தை மாதம் அவள்தான் பெட்டியைத் திறக்கவைத்தாள். இரண்டு பேருமாகக் கூடத்தில் பரப்பி, கவரில் எழுதியிருந்த தேதிப்படி அடுக்கினோம். அடுக்கி முடித்ததும் அவள் கேட்டாள்: "அத்தைப் பாட்டி, இந்த லேடீஸ் எல்லாம் நாப்பது வயசுக்கு மேல எங்க போனாங்க?"

அவள் கேட்கும்வரை நானும் கவனிக்கவில்லை. மஞ்சள் நீராட்டுக்கு ஒரு படம். பெண் பார்க்க அனுப்ப ஒன்று. கல்யாணம், வளைகாப்பு, தலைச்சன் பிள்ளை மடியில். பிறகு குடும்பப் படங்களில் ஓரமாக, யாராவது ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டு. பிறகு அதுவும் இல்லை. அறுபதாம் கல்யாணம் ஒன்று வருமே என்பீர்கள். பக்கத்தில்தான் திருக்கடையூர், அங்கே தினமும் நடக்கிறது. அது யாருக்கு அறுபது நிறைந்ததற்கு? அவருக்கு. உங்களுக்கு அப்போது ஐம்பத்து மூன்றோ ஐம்பத்தைந்தோ. உங்களுக்கு அறுபது ஆன அன்றைக்கு வீட்டில் என்ன சமையல் என்று நினைவிருக்கிறதா? நீங்கள்தான் சமைத்திருப்பீர்கள்.

தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் படம் மறுபடி எப்போது வருகிறது என்றால், 1993-ல், தேர்தல் ஆணையர் சேஷன் காலத்தில், வாக்காளர் அட்டைக்குப் புகைப்படம் வேண்டும் என்று ஆனபிறகு. அதற்குமுன் காமிராவுக்கு முன்னால் நின்றே இராத பாட்டிகள் அப்போது வந்து நின்றார்கள். அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார், முதியோர் பணத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ். அந்தப் பாஸ்போர்ட் சைஸைத்தான் ஒருநாள் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள்: "அண்ணே, அம்மா தவறிட்டாங்க. காரியத்துக்குள்ள பெருசு பண்ணிக் குடுங்க."

அந்தப் பாஸ்போர்ட் சைஸும் இல்லாத காலத்தை நான் பார்த்திருக்கிறேன். 1979 ஐப்பசி. எழுபது வயது அம்மாள் ஒருவர் இறந்துபோனார். ஆயுளில் ஒரு படம்கூட எடுத்ததில்லை. சித்தப்பாவை வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போனார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, சுவரோடு சாய்த்து, மாலை போட்டு, பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று எடுத்த படம். வயதானவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல, அப்போதெல்லாம் வழக்கம்தான். பிரிண்ட் என்னிடம் வந்தது. "கண்ணைத் திறந்து குடும்மா" என்றார் மூத்த மகன். எப்படி இருக்கும் அம்மாவின் கண் என்று கேட்டேன். யோசித்தார். பெரிசா, சின்னதா? யோசித்தார். ஐம்பது வருஷம் அந்தக் கண் பார்க்க வளர்ந்த மனிதருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில், "என் பொண்ணு எங்கம்மா ஜாடை" என்று பதினாலு வயதுப் பெண்ணை அனுப்பினார். அவளை எதிரே உட்காரவைத்து, அவள் கண்ணைப் பார்த்துப் பாட்டிக்கு வரைந்தேன்.

அந்தப் பெண் இந்த மாசி மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளுக்கே அறுபது தாண்டிவிட்டது. தான் எதற்காக அன்றைக்கு ஸ்டுடியோவில் உட்காரவைக்கப்பட்டோம் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாதாம். சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "கல்யாணம் ஆகிப் போறவரைக்கும் அந்தப் படத்துக்கு நான்தான் விளக்கேத்துவேன். பாட்டி என்னையே முறைக்கிறாங்கன்னு பயந்து, பார்க்காமயே ஏத்திட்டு ஓடி வருவேன். முறைச்சது நானேதானா?" என்று சிரித்தாள். அன்றைக்கு என் அண்ணன் பேத்தி அவளை எடுத்த படத்தைப் பாட்டி படத்தோடு சேர்த்துவைத்துப் பார்த்தோம். பாட்டி முகத்தில் கண் மட்டும் பதினாலில் நிற்கிறது. இவளுடைய கண்ணுக்கடியில் பை தொங்குகிறது, கண்புரை அறுவை செய்த கண் கொஞ்சம் கூடுதலாகப் பளபளக்கிறது.

அப்படித்தான் இது ஆரம்பித்தது. இதுவரை முப்பத்தொரு பேரை எடுத்திருக்கிறோம். எடுப்பது பேத்தி. பேச்சுக்கொடுப்பது நான். பழைய படம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார வேண்டும். பேச்சுதான் முதலில், படம் இடையில் எப்போதோ.

கண்ணாடி வைத்து எடுத்த படம் உங்களில் நிறையப் பேரிடம் இருக்கும். பூத்தைத்த ஜடை தெரியவேண்டும் என்று முதுகுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி நிறுத்தி எடுப்பார்களே, அது. 1969-ல் எடுத்த அப்படி ஒரு படத்தோடு ஒருவர் வந்தார். படத்தில் முகம் உம்மென்று இருந்தது. விடிகாலையிலிருந்து மூன்று மணிநேரம் தலையை இழுத்துத் தாழம்பூ வைத்துத் தைத்தார்களாம். கழுத்து வலி தாங்காமல் அழுதாராம். வந்தவர்கள் எல்லாரும் படத்தை வாங்கிப் பார்த்து ஜடையைப் பற்றித்தான் பேசினார்களாம். "அந்தப் படத்துல நான் யாரு? ஜடை மாட்டற ஆணி" என்றார். பிறகு, இப்போதும் பின்னால் கண்ணாடி வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பீரோக் கதவைத் திறந்து நிறுத்தி, அதிலிருந்த கண்ணாடியில் எடுத்தோம். நெல்லிக்காய் அளவு கொண்டை, அதற்கு மேலே வகிடு அகண்டு தோல் தெரிகிற மண்டை. காமிராத் திரையில் காட்டியதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "பின்னால இவ்ளோ நரைச்சிருக்கா? முன்னாடிதான்னு நெனச்சு முன்னாடி மட்டும் மை தடவிக்கிட்டிருக்கேன். ஊரே பார்த்திருக்கும், ஒருத்தியும் சொல்லலையே!"

இன்னொருவரைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். பேர் போடாமல் எழுது என்றார். 1983-ல் ஒரு கல்யாணக் குழுப்படம் என் மேசைக்கு வந்தது. பின்னால் கதவோரம் ஒரு வெள்ளைப் புடவைத் தலைப்பும் நாலு விரலும் விழுந்திருந்தன. படமெடுக்கக் கூப்பிடும்போது கைம்பெண்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்வது அப்போதைய வழக்கம். சமையற்கட்டிலோ நகை வைத்த அறையிலோ காவலுக்கு இருப்பார்கள். இவர் எப்படியோ ஃபிரேமுக்குள் வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார், "அதை எடுத்துடும்மா" என்றார்கள். வெள்ளைக்குக் கத்தி. சுரண்டினேன். கால்மணி நேர வேலை. ஒன்றரை ரூபாய் கூடுதலாக வாங்கினோம்.

அவருக்கு இப்போது எண்பத்து நாலு. நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, சுரண்டின இடத்தைக் காட்டி, செய்தது நான்தான் என்று சொன்னேன். அழுவார், திட்டுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். "நீ சுரண்டாட்டியும் ஃபிரேம் போடறப்ப மடிச்சிருப்பாங்க" என்றார். "நான் படத்துல வரணும்னு நிக்கல. அந்த ஃபிளாஷ் பளிச்சினு அடிக்குமே, அதைப் பார்க்கலாம்னு எட்டிப் பார்த்தேன்." அப்புறம் எங்கள் வீட்டு நிலைப்படியைக் காட்டி, "இங்கயே நிக்கிறேன், இந்த வாட்டி முழுசா வரட்டும்" என்றார். பேத்தி ஃபிளாஷ் பயன்படுத்துவதில்லை, ஜன்னல் வெளிச்சம்தான். அன்றைக்கு மட்டும் போட்டாள்.

இப்படிச் சுரண்டினதைப் பேத்தியிடம் சொல்லிப் புலம்பியபோது அவள் ஒரு படத்தைக் காட்டினாள். அமெரிக்காவில் 1936-ல் டாரத்தியா லாங் என்ற பெண் எடுத்தது. உங்களில் சிலர் எங்காவது பார்த்திருக்கலாம். பட்டாணி பறிக்கிறவர்களின் முகாமில், பிழைப்பில்லாமல் கூடாரத்தில் கிடக்கிற ஒரு தாய். இரண்டு பிள்ளைகள் தோளில் முகம் புதைத்திருக்கும், அவள் கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்ப்பாள். நெற்றிக் கோடுகளைப் பார்த்து ஐம்பது இருக்கும் என்றேன். முப்பத்திரண்டாம். அவள் பெயர் ஃப்ளாரன்ஸ் தாம்ப்சன் என்பது ஊருக்குத் தெரியவந்தது 1978-ல். அதுவரை நாற்பது வருஷம் வெறும் முகம். அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. படத்தின் வலது கீழ்மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் விழுந்திருந்ததாம். பார்க்க நன்றாயில்லை என்று பிற்பாடு நெகட்டிவிலேயே அதை அழித்துவிட்டார்களாம். மங்கலாக இன்னும் தெரிகிறது. எவளோ ஒரு டச்சிங்காரி அங்கேயும் இருந்திருக்கிறாள். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நான் சுருக்கத்தைப் போற்றிப் பாட வந்தவள் இல்லை. முட்டிவலி, மூத்திர அவசரம், மருமகள் முன்னால் பெயர் மறந்துபோவது இதையெல்லாம் அழகு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். போட்டிக்குப் படமெடுக்கிற தம்பிகள் சிலர் கிராமத்துப் பாட்டிகளைத் தேடி வருவார்கள், பார்த்திருப்பீர்கள். பொக்கை வாய், வெற்றிலைக் கறை, வெயிலில் நிறுத்தி ஒரு சிரிப்பு. பிறகு கம்ப்யூட்டரில் போட்டுக் கறுப்பு வெள்ளையாக்கி, கோடுகளை இன்னும் ஆழமாக்கி, உழுத வயல் மாதிரி செய்துவிடுவார்கள். பரிசும் கிடைக்கும். கீழே பாட்டியின் பெயர் இருக்காது. நான் கோட்டை நிரப்பினேன், அவர்கள் தோண்டுகிறார்கள். இரண்டும் ஒரே தொழில்தான்.

பேத்தி காட்டினதில் எனக்குப் பிடித்தது நிக்கலஸ் நிக்ஸன் என்பவர் எடுத்த வரிசை. அவர் மனைவியும் அவளுடைய மூன்று சகோதரிகளும். 1975-ல் தொடங்கி 2022 வரை வருஷம் ஒரு படம், நாலு பேரும் எப்போதும் அதே இட வலம். சிரிப்பு அபூர்வம். வருஷத்துக்கு வருஷம் பார்த்தால் வித்தியாசமே தெரிவதில்லை. பத்து படம் தள்ளிப் பார்த்தால் திக்கென்கிறது. நம் ஊரில் அதற்கு மகாமகம் இருக்கிறது. "அந்த மகாமகத்துக்கு இவன் கைக்குழந்தை" என்றுதானே கணக்கு வைக்கிறோம்? நான் 1956 மகாமகத்து வருஷம் பிறந்தவள். ஆறு மகாமகம் ஆகிவிட்டது.

ஏன் வரவில்லை என்று நான் கேட்டவர்கள் சொன்ன பதில்கள் எல்லாம் எனக்குத் தெரியும். படமெடுத்தால் ஆயுசு குறையும் என்கிறவர்களுக்கு: எண்பத்து நாலு வயதில் இன்னும் எவ்வளவு குறையும், பார்த்துவிடலாமே. "இந்த வயசுல எதுக்கு" என்கிறவர்களுக்கு: அமெரிக்காவில் இமோஜன் கன்னிங்ஹாம் என்று ஒரு பெண், தொண்ணூற்று இரண்டு வயதில், தன்னைப்போல முதியவர்களை எடுக்க ஒரு புதுவேலை தொடங்கினார். புத்தகம் வருவதற்குள் 1976-ல் போய்விட்டார். அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. "சாவுக்குப் படம் எடுத்து வைக்கிறியா" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். ஆமாம், அதற்கும் ஆகும். ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகள் ஆதார் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட அது மேல்.

தெற்குச் சீமையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒருவர் மட்டும் வந்து உட்கார்ந்தும் எடுக்க விடவில்லை. பாம்படம் போட்ட காது. மகன் இன்ஜினீயரிங் சேரும்போது பாம்படத்தை விற்றார்கள். காது மட்டும் வெறுமனே தோள்வரை தொங்குகிறது. காதை அறுத்துத் தைத்துவிடலாம் என்று மகள் வருஷக்கணக்காகச் சொல்கிறாளாம். தைக்கவும் மனசில்லை, காட்டவும் மனசில்லை. முந்தானையைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருமணி நேரம் பேசிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். பேச்சைப் பதிவுசெய்திருக்கிறோம். படம் இல்லை. அவருடைய இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறோம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. பேத்தி என்னை எடுத்தாள். பார்த்தேன், பிடிக்கவில்லை. நான்கு நாள் மேசை இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டு வைத்தேன். கை பென்சிலைத் தேடியது, பொய் சொல்லமாட்டேன். எங்கெங்கே நிரப்ப வேண்டும் என்று கண் தானாகக் கணக்குப் போட்டது: கழுத்தில் இரண்டு, வாய்க்கடையில் ஒன்று. அப்போதுதான் அது தென்பட்டது. இடது கண்ணோரம் வலது கண்ணோரத்தைவிட மூன்று மடங்கு கோடு. பூதக்கண்ணாடியில் வலது கண்ணை வைத்து, இடது கண்ணை இடுக்கி மூடிக்கொண்டே இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன் அல்லவா? உங்கள் கோட்டையெல்லாம் எடுத்து எடுத்து அங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். படம் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. இன்னும் முழுதாகப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

குடும்பப் பென்ஷன் வாங்குகிற என் வயதுக்காரிகள் பலர் இந்த வருஷமும் உயிர்ச்சான்றுக்காக ஒரு காமிரா முன்னால் உட்காரத்தான் போகிறீர்கள். ஜீவன் பிரமாண் என்று 2014-ல் வந்தது. பாத்திரம் தேய்த்தே கைரேகை அழிந்தவர்கள் கட்டைவிரலை வைத்து வைத்துப் பார்த்துத் திண்டாடினார்கள். 2021-லிருந்து முகத்தைக் காட்டினால் போதும் என்று ஆகியிருக்கிறது. நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன். பேரன் போனை நீட்டுவான், உள்ளே இருந்து கண்ணை இமைக்கச் சொல்லும். இமைத்தால் உயிரோடு இருக்கிறீர்கள். செத்தவருக்குக் கண்ணைத் திறந்து வரைந்தவள் நான். போன வருஷம் என் சின்ன அண்ணி போன் முன்னால் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்து, நாலாவது தடவை அது ஒத்துக்கொண்டபோது "அப்பாடா, இருக்கேன்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் இமைக்கச் சொல்ல மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள் வாருங்கள். அதற்குமேல் வெளிச்சம் கடுமையாகிவிடும். பழைய படம் இருந்தால் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் என் பெட்டியில் தேடுவோம். பட்டுப்புடவைதான் கட்டவேண்டும் என்றில்லை, கட்டக்கூடாது என்றும் இல்லை. பவுடர் உங்கள் விருப்பம். பல்செட்டைக் கழற்றுவதும் போட்டுக்கொள்வதும் உங்கள் விருப்பம். மகனோ மகளோ கூட வந்தால் கீழே திண்ணையில் உட்காரட்டும். அவர்கள் எதிரே இருந்தால் நீங்கள் பேசமாட்டீர்கள், எனக்குத் தெரியும். 2028-ல் மகாமகம். அப்போது ஊரில் கால்வைக்க இடமிருக்காது, அதற்கு முன்னாலேயே வந்துவிடுங்கள்.

அறை மாடியில். பதினாறு படி. எட்டாவது படியில் ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறேன், உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறலாம்.

உங்கள்
பழைய டச்சிங்காரி